அயோடின் ஏற்றிய கேசீனில் தைராக்ஸின்: ஒரே பொடி, ஐந்து விடைகள்

கடைசியில் நம்பக்கூடிய ஓர் எண் வந்துவிட்டது. அயோடின் ஏற்றி, 70 டிகிரியில் ஓர் இரவு முழுக்கக் கலக்கிவிட்ட பால் புரதத்தில், எடையில் 0.9 சதவீதம் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் இருக்கிறது. முற்றிலும் வேறான இரண்டு வழிகளில் அளந்தும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. இதற்கு முன்னால் இதே பொடி 0.2, 0.36, 0.5, 1.9 என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் அப்படிச் சொன்னது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீர், உப்பில் அயோடின், மண் உவர்ப்பு ஆகியவைதான் அன்றாடப் பிழைப்பு. கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவர் பழைய சங்கதி ஒன்றைக் கொண்டுவந்தார். பால் புரதமான கேசீனில் அயோடினை ஏற்றினால், தைராய்டு சுரப்பி செய்யும் அதே ஹார்மோன் அந்தப் புரதத்துக்குள் தானாகவே உருவாகிறது. 1939இல் ஜெர்மனியில் லுட்விக், மூட்சன்பெக்கர் இருவரும் அதிலிருந்து தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 1940களில் அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் ரெய்னெக், டர்னர் இருவரும் செய்முறையைச் சீராக்கி, கறவை மாடுகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பால் கூடியது உண்மை. மாட்டின் இதயத் துடிப்பு கூடியதும், உடம்பு இளைத்ததும், கொடுப்பதை நிறுத்தியதும் பால் சட்டென்று விழுந்ததும் அதே அளவுக்கு உண்மை.

டாக்டரின் கேள்வி நேரானது. "இந்த மாதிரிப் பொடியை யாராவது தீவனத்தில் கலந்தால், ஒரு கிராமில் எத்தனை தைராய்டு மாத்திரை இருக்கும்? உங்களால் அளந்து சொல்ல முடியுமா?"

காகிதத்தில் கணக்குப் போட்டால் சுலபம். கேசீனில் ஏறக்குறைய 6 சதவீதம் டைரோசின் என்ற அமினோ அமிலம். அதன் வளையத்தில் இரண்டு அயோடின் அணு உட்கார்ந்தால் டைஅயோடோடைரோசின். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் ஒரு தைராக்ஸின். பத்து கிராம் கேசீனில் உள்ள டைரோசின் எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டால் 1.29 கிராம் தைராக்ஸின் வரவேண்டும். இந்தக் கணக்கை டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த எண்ணைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

பாலைத் திரித்தல்

கையில் அளவு தெரிந்த மாதிரி ஒன்று இருந்தால்தான் அளக்கும் முறையைச் சோதிக்க முடியும். ஆகவே பொடியை நாங்களே செய்தோம். முதலில் நீல நிற ஆவின் பாக்கெட். அதில் கொழுப்பு 3 சதவீதம். ஒரு லிட்டருக்கு 30 கிராம். கேசீனே 26 கிராம்தான் தேறும். திரித்து எடுத்தது வெண்ணெய்க் கட்டிபோலப் பிசுபிசுத்தது. எவ்வளவு கழுவினாலும் கொழுப்பு முழுதும் போகவில்லை. கொழுப்பு அயோடினைத் தானும் பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்தத் தொகுதியை அத்துடன் நிறுத்திவிட்டோம்.

அடுத்து கொழுப்பு நீக்கிய பால் பவுடர். 100 கிராம் பவுடரை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, 10 சதவீத அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினோம். பிஹெச் 4.6 வந்ததும் கேசீன் தயிர்க்கட்டியாக இறங்குகிறது. 4.2 வரை போய்விட்டால் திரும்பக் கொஞ்சம் கரைந்து, வடிதுணியில் கூழாக அடைத்துக்கொள்கிறது. மீட்டர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். மூன்று முறை தண்ணீர், ஒரு முறை ரெக்டிஃபைடு ஸ்பிரிட், கடைசியாக அசிட்டோன். உலர்ந்த பின் 25 கிராம் வெள்ளைப் பொடி.

அயோடின் ஏற்றுதல்

இந்தக் கட்டத்தில் எங்களைப் படுத்தியது வேதியியல் அல்ல, கடலூர் வெயில். அயோடின் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அக்கினி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். திறந்த தட்டில் எடை போட்டால் எண் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும், தராசின் தட்டும் அரித்துப்போகும். மூடி போட்ட எடைக்குப்பியில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நாங்கள் உப்பில் மில்லியனுக்கு 15 பங்கு அயோடினைத் தேடிப் பிழைக்கிறவர்கள். அதே அறையில் அயோடின் ஆவி சுற்றினால் ஊரிலுள்ள எல்லா உப்பும் தேறிவிடும். ஆகவே இந்த வேலை முழுவதும் பின்கட்டில், தனிப் பியூரெட், தனிக் கண்ணாடிப் பாத்திரங்களோடு நடந்தது.

10 கிராம் கேசீனை 350 மி.லி. நீரில், 2.5 கிராம் சோடா உப்போடு கரைத்தோம். கரைய அரை மணி ஆகிறது. அவசரப்பட்டுச் சூடேற்றினால் கட்டி பிடிக்கிறது. 38 முதல் 40 டிகிரியில் வைத்து, நைசாக அரைத்த அயோடின் 2 கிராமைச் சிட்டிகை சிட்டிகையாக மூன்று மணி நேரத்தில் போட்டோம். ஒரு டைரோசினுக்கு 4 முதல் 6 அயோடின் அணு வரை போடலாம் என்பது பழைய செய்முறை. எங்கள் கணக்கு 4.8. ஒவ்வொரு சிட்டிகைக்கும் பழுப்பு நிறம் பரவி, பிறகு வெளிறி மறைய வேண்டும். மறைவதற்குள் அடுத்ததைப் போட்டால் பாத்திரத்தின் ஓரத்தில் அயோடின் படிகிறது. நுரையும் வரும், 350 மி.லி.க்கு ஒரு லிட்டர் பாத்திரம் எடுங்கள்.

பிறகு 70 டிகிரிக்கு ஏற்றி 18 மணி நேரம் கலக்க வேண்டும். ஜோடி சேர்வது இங்கேதான் நடக்கிறது. மாங்கனீஸ் ஆக்சைடு ஒரு சிட்டிகை சேர்த்தால் கூடுதலாகும் என்று ரெய்னெக் குழுவினர் கண்டிருந்தார்கள். நாங்கள் சேர்க்கவில்லை. முதலில் எளிய வடிவம் வேலை செய்யட்டும் என்று விட்டோம். கலக்கியும் வெந்நீர்த் தொட்டியும் இன்வெர்ட்டரில் ஓடின. இரவில் மின்சாரம் போனபோது கலக்கி தாங்கியது, தொட்டியின் ஹீட்டர் தாங்கவில்லை. வெப்பம் 58 வரை இறங்கியிருந்தது. போன நேரத்தைக் காலையில் கூட்டிக்கொண்டோம்.

இந்தத் தொகுதியிலிருந்து, சூடேற்றுவதற்கு முன்பே 50 மி.லி. எடுத்துத் தனியே திரித்து வைத்தது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. அயோடின் ஏறியிருக்கும், ஆனால் ஜோடி சேர வாய்ப்பில்லாத மாதிரி அது. இனி அதை 'சூடு காணாதது' என்றே எழுதுகிறேன்.

ஆறியதும் பிஹெச் 4.6க்குக் கொண்டுவந்து, கழுவி, உலர்த்தியதில் இளமஞ்சள் பொடி கிடைத்தது.

மொத்த அயோடின்

இது எங்களுக்குப் பழகின வேலை. 50 மி.கி. பொடியைப் பொட்டாசியம் கார்பனேட்டுடன் சேர்த்து நிக்கல் குப்பியில் சாம்பலாக்கி, நீரில் கரைத்து, புரோமின் நீரால் அயோடேட் ஆக்கி, மிஞ்சிய புரோமினை ஃபார்மிக் அமிலத்தால் ஒழித்து, பொட்டாசியம் அயோடைடு போட்டுத் தயோசல்ஃபேட்டால் அளப்பது. இந்த வழியில் ஓர் அயோடின் அணு ஆறாகப் பெருகித் தெரிகிறது. சிறு மாதிரி போதும். 0.01 நார்மல் தயோசல்ஃபேட் 16.8 மி.லி. போனது. கணக்குக்கு 7.1 சதவீதம் அயோடின்.

சூடு காணாத பொடிக்கும் கிட்டத்தட்ட இதே எண். ஆக, மொத்த அயோடினை வைத்து ஹார்மோனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. தீவனப் பாக்கெட்டில் 'அயோடின் இத்தனை சதவீதம்' என்று போட்டிருந்தால் அது அயோடினைப் பற்றிய தகவல், அவ்வளவே. இதைச் சொன்னதும் டாக்டரின் முகம் கொஞ்சம் வாடியது. அவர் கையிலிருந்த பழைய கட்டுரைப் பிரதிகளில் பாதி அந்த எண்ணோடு நின்றிருந்தன.

எலைசாவும் புரதமும்

திருப்பாதிரிப்புலியூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் நண்பரிடம் எலைசா ரீடர் இருக்கிறது. ஆன்டிபாடியைக் கொண்டு மிகச் சிறிய அளவையும் நிறத்தை வைத்து அளக்கும் முறைதான் எலைசா. நோயாளிகள் கூட்டம் ஓய்ந்த பிறகு மாலையில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். தைராக்ஸின் கிட் 96 குழிகள், ₹2,800. இது போட்டிமுறைக் கிட். குழியின் சுவரில் தைராக்ஸினைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். மாதிரியில் உள்ள ஹார்மோனும், நொதி கோத்த ஹார்மோனும் அந்த இடத்துக்கு அடித்துக்கொள்ளும். மாதிரியில் ஹார்மோன் அதிகம் என்றால் நிறம் குறையும். இந்தத் தலைகீழ்க் கணக்கை மறக்காதீர்கள். கதை அங்கேதான் திரும்பப்போகிறது.

முதலில் பொடியின் புரதத்தை வெட்டாமல் அப்படியே, மி.லி.க்கு 2 மி.கி. வீதம் காரக் கரைசலில் கரைத்து நீர்த்துப் பார்த்தோம். ஐம்பது மடங்கு நீர்த்ததில் டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம். அதாவது 0.2 சதவீதம். அதையே இன்னும் எட்டு மடங்கு நீர்த்தால் 1 வரவேண்டும், 1.8 வந்தது. கணக்குப் போட்டால் 0.36 சதவீதம். நீர்க்க நீர்க்க ஹார்மோன் கூடுகிறது என்றால் அளப்பது ஹார்மோனை அல்ல. தைராக்ஸின் இன்னும் புரதச் சங்கிலிக்குள் கோத்துக் கிடக்கிறது, ஆன்டிபாடிக்கு எட்டுகிற நுனிகளை மட்டும் அது பிடிக்கிறது என்று முடிவு செய்தோம். ஒரே மாதிரியை இரண்டு மூன்று அளவில் நீர்த்துப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. செய்யாமல் ஒற்றை எண்ணை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீர்க்கும் போது இன்னொன்றும் தெரிந்தது. தைராக்ஸின் மிகக் குறைந்த செறிவில் பிளாஸ்டிக், கண்ணாடிச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் நீர்த்த ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) காலையில் ஒன்று, மாலையில் அதைவிடக் குறைவு என்று காட்டியது. கிட்டில் வரும் பூஜ்ய சீரத்தில், அதாவது தைராக்ஸின் இல்லாத சீரத்தில், நீர்த்த பிறகு அந்தச் சரிவு நின்றது. பூஜ்ய சீரம் சின்னக் குப்பியில்தான் வருகிறது. கூடுதலாக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

ஸ்டாண்டர்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. சுத்தமான தைராக்ஸின் வாங்கினால் கைச்செலவு பெரிது. மருந்துக்கடையில் 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒரு குப்பி ₹160. பத்து மாத்திரையை அரைத்து, சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த மெத்தனாலில் 50 மி.லி.க்குக் கரைத்து, வடிகட்டி எடுத்தால் மி.லி.க்கு 20 மைக்ரோகிராம். மாத்திரைக்கு மாத்திரை கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். பத்தைச் சேர்த்து அரைப்பதற்குக் காரணம் அதுதான். குப்பியைச் சுற்றி அலுமினியத் தாள், வெளிச்சம் ஆகாது.

காரத்தில் வேகவைத்தல்

புரதத்தை உடைக்க அமிலம் போட்டால் தைராக்ஸின் சிதையும். பழைய வழி பேரியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கவைப்பது. பேரியத்தின் கரையும் உப்புகள் நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். 16 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து பாத்திரத்துக்கே திரும்பும்படி கொதிக்கவைத்தல்), பிறகு அமிலம் விட்டு பிஹெச் 4க்குக் கீழே, பியூட்டனாலில் பிரித்தெடுத்தல், அதை 4 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடும் 5 சதவீத சோடியம் கார்பனேட்டும் கலந்த கரைசலால் கழுவுதல். இந்தக் கழுவலில் டைஅயோடோடைரோசினும் தனி அயோடைடும் போய்விடும், தைராக்ஸின் பியூட்டனாலிலேயே தங்கும். எழுதும்போது அழகாக இருக்கிறது. பிரிபுனலில் நடுவே சோற்றுக்கஞ்சி மாதிரி ஓர் அடுக்கு நின்றுகொண்டு பிரியவே மாட்டேன் என்றது. கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டு ஓர் இரவு வைத்த பிறகுதான் தெளிந்தது.

எலைசாவில் 0.5 சதவீதம். நீர்ப்புக்கேற்ப ஒழுங்காகவும் இறங்கியது. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாத்திரைக் கரைசலை அளந்து எடுத்து, அதே 16 மணி நேரம், அதே பியூட்டனால், அதே கழுவல் என்று நடத்தியபோது போட்டதில் 60 சதவீதம்தான் திரும்பி வந்தது. காரச் சூட்டில் சிதைந்தது பாதி, கஞ்சி அடுக்கோடு போனது பாதி என்பது என் ஊகம். 0.5ஐ 0.6ஆல் வகுத்தால் 0.83. வகுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் புரதத்துக்குள் இருக்கும் தைராக்ஸினும் தனியே போட்ட தைராக்ஸினும் ஒரே அளவில்தான் சிதையும் என்று யார் உறுதி தந்தது?

ப்ரோனேஸ்

மென்மையான வழி நொதி. ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ப்ரோனேஸ் பல நொதிகளின் கூட்டு. புரதம் எதைக் கொடுத்தாலும் சின்னச் சின்னத் துண்டாக்கும். 250 மி.கி. ₹9,800. இந்த வேலையில் ஆன செலவிலேயே பெரியது இதுதான்.

20 மி.கி. பொடி, பிஹெச்சை 8.4இல் நிறுத்தும் டிரிஸ் கரைசல் 10 மி.லி., கொஞ்சம் கால்சியம் குளோரைடு, ப்ரோனேஸ் 10 மி.கி. இதில் மெத்திமசோல் சேர்ப்பது முக்கியம். செரிக்கும் போதே உதிரி அயோடின் புதிதாக எங்காவது போய் உட்காராமல் அது தடுக்கும். பூஞ்சை, பாக்டீரியா வராமலிருக்க டொலுவீன் இரண்டு சொட்டு. 37 டிகிரியில் 24 மணி நேரம். "மே மாதத்தில் இதற்கு இன்குபேட்டர் எதற்கு, ஜன்னலோரம் வையுங்கள்" என்று டாக்டர் கேலி செய்தார். இரவில் 29 டிகிரிக்கு இறங்கிவிடும் என்பதால் இன்குபேட்டரிலேயே வைத்தேன்.

ஐந்து குழாய்கள்: முழுப் பொடி (70 டிகிரி கண்டது), சூடு காணாத பொடி, அயோடின் படாத வெறும் கேசீன், நொதி மட்டும், மாத்திரைக் கரைசல் கலந்த வெறும் கேசீன்.

இருபது மடங்கு நீர்த்து எலைசாவில் போட்டோம். எல்லாம் கிட்டின் மேல் எல்லையைத் தாண்டின. வெறும் கேசீனும்தான்! இருநூறு மடங்கு நீர்த்தோம். முழுப் பொடி டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம், அதாவது 1.9 சதவீதம். வெறும் கேசீன் 7. ஆவின் பவுடரில் தைராக்ஸினா? ரீடர் வைத்திருக்கும் நண்பர் கிட்டின் காலாவதித் தேதியைப் பார்க்கப் போனார். என்னிடம் வேலை பார்க்கும் பெண்தான் தாளில் நான்காவது வரியைக் காட்டினாள். "சார், நொதி மட்டும் போட்ட குழாயிலும் 7 இருக்கிறது."

பால் இல்லாத குழாயிலும் அதே 7. அப்புறம் என்ன, விஷயம் வெளிச்சமாகிவிட்டது. ப்ரோனேஸுக்குப் புரதம் என்றால் புரதம். கேசீன் என்றும் ஆன்டிபாடி என்றும் பேதம் கிடையாது. குழிச் சுவரில் ஒட்டியிருந்த ஆன்டிபாடியையே அது தின்றுகொண்டிருந்தது. ஆன்டிபாடி குறைந்தால் நிறம் குறையும். நிறம் குறைந்தால் கருவி ஹார்மோன் அதிகம் என்று சொல்லும்.

19இலிருந்து 7ஐக் கழித்து 12 என்று எழுதிவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. கூடாது. கிட்டின் வளைவு நேர்கோடல்ல. ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு ஆன்டிபாடி மிஞ்சியது என்பதும் தெரியாது. கழித்தால் ஒரு பொய்யிலிருந்து இன்னொரு பொய்யைக் கழித்ததாகும்.

தீர்வு எளிது. செரித்த கரைசலுக்கு இரு மடங்கு குளிர்ந்த மெத்தனால் விட்டால் நொதி திரிந்து இறங்கிவிடுகிறது. தைராக்ஸின் மேல் திரவத்தில் நிற்கிறது. மையவிலக்கியில் சுற்றி, மேல் திரவத்தை எடுத்து, 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி, பூஜ்ய சீரத்தில் கரைத்தோம். இப்போது நொதி மட்டும் உள்ள குழாயும் வெறும் கேசீனும் 0.5க்குக் கீழே. மாத்திரை கலந்த குழாயில் போட்டதில் 93 சதவீதம் திரும்பியது. முழுப் பொடி இருநூறு மடங்கில் 10.2, நானூறில் 5.0, எண்ணூறில் 2.6. 1.02, 1.00, 1.04 சதவீதம். இந்த மூன்று எண்களையும் வரிசையாகப் பார்த்தபோது வந்த நிம்மதியை விளக்க வேண்டியதில்லை.

சேதராப்பட்டில் அரை நாள்

எலைசா தைராக்ஸினைப் 'போன்றதை'யும் பிடிக்கலாம். பிரித்துப் பார்த்தால்தான் சந்தேகம் தீரும். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில், கலவையைக் கரைப்பானோடு ஒரு குழாய்க்குள் தள்ளிப் பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியை அரை நாள் வாடகைக்குக் கொடுத்தார்கள். ₹6,000, கரைப்பான் நம்முடையது. குப்பிகளை எடுத்துப்போக ஐஸ் பெட்டி வேண்டும். கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி ஒன்று ₹40க்குக் கிடைத்தது. எவ்வளவு கழுவியும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ரெட்டிச்சாவடியிலேயே எழுந்து முன்னால் போய்விட்டார்.

பிரிக்கும் குழாய் சி18 காலம் (column), 250 மி.மீ. நீளம். நீர் 65, அசிட்டோநைட்ரைல் 35, கூடவே 0.1 சதவீத பாஸ்பாரிக் அமிலம். நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட்டம், 225 நானோமீட்டரில் பார்வை, 20 மைக்ரோலிட்டர் ஊசி. மெத்திமசோலும் டைஅயோடோடைரோசினும் தொடக்கத்திலேயே கும்பலாக ஓடிவிடுகின்றன. ஒன்பதாவது நிமிடத்தில் டி3 (தைராக்ஸினைவிட ஓர் அயோடின் குறைந்த ஹார்மோன்), பதினான்கை ஒட்டி தைராக்ஸின். முதல் ஓட்டத்தின் வரைபடத்தில் தைராக்ஸினுக்குரிய சிகரம் ஒரு மேட்டின் மீது உட்கார்ந்திருந்தது. முந்தைய மாதிரியின் புரதத் துண்டுகள் தாமதமாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 90 சதவீத அசிட்டோநைட்ரைலில் பத்து நிமிடம் கழுவியதும் அடித்தளம் தட்டையானது. கழுவலுக்கே நேரம் பாதி போனதால் இரட்டை ஊசி (ஒரே மாதிரியை இருமுறை செலுத்துவது) எல்லாவற்றுக்கும் போட முடியவில்லை.

சிகரம் உண்மையில் தைராக்ஸின்தானா என்று பார்க்க, மாதிரியில் மாத்திரைக் கரைசலைக் கலந்து மறுபடி செலுத்தினோம். பக்கத்தில் தோள்போலப் புடைப்பு எதுவும் முளைக்காமல் அதே சிகரம் உயர்ந்தது. வெறும் கேசீனில் அந்த இடம் வெறுமை.

முழுப் பொடி: தைராக்ஸின் 0.90 சதவீதம், டி3 0.04. சூடு காணாத பொடி: தைராக்ஸின் 0.14. இரண்டிலும் அயோடின் 7 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. 70 டிகிரி இரவுதான் ஆறு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது. தைராக்ஸினின் எடையில் 65.3 சதவீதம் அயோடின் என்பதால், ஏறிய அயோடினில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஹார்மோனுக்குள் போயிருக்கிறது. மற்றதில் பெரும்பகுதி ஜோடி கிடைக்காத டைரோசினில் கிடக்கிறது. எலைசாவின் 1.02க்கும் இதற்கும் உள்ள இடைவெளிக்கு, மிச்சமிருந்த புரதத் துண்டுகளை ஆன்டிபாடி பிடித்தது காரணமாக இருக்கலாம். எழுதிக் கொடுக்க வேண்டி வந்தால் 0.9 என்றே கொடுப்பேன்.

டாக்டரின் கேள்விக்கு விடை: ஒரு கிராம் பொடியில் 9 மி.கி. தைராக்ஸின். 100 மைக்ரோகிராம் மாத்திரை தொண்ணூறு. ஒரு தேக்கரண்டி என்றால் பல நூறு. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பொடிக் குப்பியைப் பூட்டி வைக்கச் சொன்னார். பூட்டித்தான் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு யாராவது உடம்பு இளைக்க இதைச் செய்து பார்க்கலாம் என்று நினைத்தால், அந்தத் தொண்ணூறை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

செலவும் அடுத்த முறையும்

அயோடின் 100 கிராம் ₹1,400, ப்ரோனேஸ் ₹9,800, எலைசா கிட் ₹2,800, கருவி வாடகை ₹6,000, அசிட்டோநைட்ரைல் ஒரு லிட்டர் ₹1,100. பால் பவுடர், மாத்திரை, மெத்தனால், பஸ், மீன் பெட்டி எல்லாம் சேர்த்து இன்னொரு ₹2,000. ஆக ₹23,000 சொச்சம். டாக்டர் பாதி கொடுத்தார்.

அடுத்த முறை பேரியம் பக்கமே போக மாட்டேன். வெட்டாத பொடியை எலைசாவில் போட்டுக் குழிகளை வீணாக்கவும் மாட்டேன். செரிப்பை 10 மி.லி.க்குப் பதில் 2 மி.லி.யில் செய்தால் ப்ரோனேஸ் ஐந்தில் ஒரு பங்கு போதும். எச்பிஎல்சிக்கு முழு நாள் எடுத்தால் எல்லா மாதிரிக்கும் இரட்டை ஊசி போடலாம். வாடகை இரு மடங்காகாது, ₹9,000க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சி18 காலம் தைராக்ஸினின் இடக்கை, வலக்கை வடிவங்களை (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமானவை)ப் பிரித்துக் காட்டாது. உடம்பில் வேலை செய்வது பெரும்பாலும் இடக்கை வடிவம். சூட்டிலும் காரத்திலும் எவ்வளவு மாறியது என்று பார்க்க வேறு வகைக் காலம் வேண்டும். அது இப்போதைக்குக் கைக்கு எட்டாது.

மாங்கனீஸ் ஆக்சைடு சேர்த்த தொகுதி ஒன்று செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் இந்தப் பொடியைத் தவிட்டிலும் கடலைப் பிண்ணாக்கிலும் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கலந்து, அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்ப்பதாக டாக்டரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பிண்ணாக்கின் எண்ணெயும் புரதமும் செரிப்பில் என்ன செய்யும் என்று தெரியாததால், நொதி மட்டும் போட்ட குழாயோடு பிண்ணாக்கும் நொதியும் மட்டும் உள்ள ஒரு குழாயும் இந்த முறை வரிசையில் முதலில் நிற்கும்.